வெளங்குச்சா டீச்சர்

மாரிச்செல்வி டீச்சருக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டில் காலையில் எழுந்தால், குக்கர் விசில் அடிக்கும் முன் துணி ஊறப்போட்டு, துணி ஊறும் முன் இரண்டு விடைத்தாள் திருத்தி, மூன்றாவதைத் திருத்தும்போது குக்கரை மறந்து, இப்படித்தான் அவள் பொழுது விடியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பஸ், ராஜபாளையத்தில் மாறி ஒரு பஸ், சேத்தூரைத் தாண்டி தேவதானம் போகிற வழியில் இறங்கினால் அவளுடைய பள்ளிக்கூடம். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவாள். உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போகிறது என்பது அவள் கட்சி.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் ‘வெளங்குச்சா டீச்சர்’. வகுப்பில் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் அவள் கேட்கிற கேள்வி அது. அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவள் கணவன் ஜெயபாண்டி ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். அவனிடம் மோட்டாரை எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று சொல்லி முடித்து, “வெளங்குச்சா?” என்பாள். அவனும் பள்ளிப்பிள்ளை மாதிரி ராகம் இழுத்து, “வெளங்கிருச்சு டீச்சர்” என்பான். சொல்லிவிட்டு டேங்க் வழிந்து தெருவுக்குத் தண்ணீர் போகும்வரை மோட்டாரை மறந்திருப்பான்.

இதைப் பார்த்தாவது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து வருடத்துக்கும் மேலாக அந்த ராகத்தில்தான் அவள் உயிர் வாழ்ந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. ஏழாம் வகுப்பில் சத்யப்பிரியா என்று ஒரு பெண். வெண்கலத் தொண்டை. டீச்சர் கேட்டு முடிக்கும் முன்பே அவள் “வெளங்கிருச்சு” என்று எடுத்துக் கொடுப்பாள், மற்ற பிள்ளைகள் கூட்டத்தோடு கோவிந்தா போடுவார்கள். அந்தச் சத்தம் தடுப்புப் பலகையைத் தாண்டி ஆறாம் வகுப்புக்கும், ஜன்னலைத் தாண்டித் தெருவுக்கும் போகும். தெருவில் போகிறவர்கள் கேட்டு, டீச்சர் நல்லா நடத்துதாங்க என்று திருப்தியாகப் போவார்கள்.

மாரிச்செல்வியும் ஒரு காலத்தில் அப்படிக் கத்தியவள்தான். அவள் அப்பா கருத்தையா ராஜபாளையத்தில் நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும் முன், நேற்று என்ன படித்தாய் என்று கேட்பார். வகுத்தல் என்பாள். வெளங்குச்சா என்பார். வெளங்கிருச்சு என்பாள். வகுத்தல் அவளுக்கு உண்மையில் விளங்கியது பிறகு வெகுகாலம் கழித்து, ஆசிரியர் பயிற்சியில், அதைப் பிள்ளைகளுக்கு நடத்தியாக வேண்டும் என்று தலையில் விழுந்தபோது. அந்த நினைப்பும் அவளிடம் இருந்தது. இருந்தும் என்ன, நாற்காலி மாறினால் காது மாறிவிடுகிறது.

பள்ளிக்கூடத்துக்குச் சுவரளவு திரை வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவள் அவள்தான். மற்றவர்கள் அதைத் துணி போட்டு மூடி வைத்தார்கள். அவள் தேடித்தேடி வீடியோ எடுத்து வந்தாள். பின்னங்கள் என்றால் ஒரு கேக் வந்து தானாக வெட்டிக்கொள்ளும், துண்டுகள் பறக்கும், பாட்டுக் கேட்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். முடிந்ததும் கேட்டாள். முன்னைவிடப் பலமாக வந்தது பதில்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஒரு பயிற்சியில்தான் அந்த அட்டையை முதன்முதலாகப் பார்த்தாள். ஒவ்வோர் அட்டையிலும் கறுப்புக் கட்டங்களால் ஒரு கோலம். சுற்றி நான்கு ஓரங்களிலும் பொடி எழுத்தில் அ, ஆ, இ, ஈ. கேள்வி கேட்டதும் பிள்ளைகள் தாங்கள் நினைக்கிற விடையின் எழுத்து மேலே வருகிற மாதிரி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஒருவர் கோலம் இன்னொருவருக்குக் கிடையாது. எழுத்தும் இடம் மாறி இருக்கும். ஆகையால் பக்கத்தில் பார்த்துத் திருப்பி லாபமில்லை. டீச்சர் தன் போனை வகுப்புக்குக் குறுக்கே ஒரு தடவை காட்டினால் போதும், யார் எதைச் சொன்னார்கள் என்று அவள் போனில் பெயரோடு வந்துவிடும். பெரிய திரையில் பெயர் வராது. எந்த விடைக்கு எத்தனை பேர் என்று பட்டை மட்டும் எழும்பும். பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், வாயைத் திறக்கவும் வேண்டாம்.

அன்று சாயங்காலமே ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கெட்டி அட்டையில் அடித்து வாங்கிவிட்டாள். மறுநாள் முதல் கேள்வி, அவளாகப் பார்த்துச் சுலபமாகக் கொடுத்தது. ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று, எது பெரியது? முந்தின வாரம்தான் கேக் பறந்திருந்தது.

போனைக் காட்டினாள். திரையில் பட்டை எழும்பியது. எட்டில் ஒன்று என்ற பட்டை பனைமரம் மாதிரி நின்றது. ஆறில் ஒன்று அதன் காலடியில் கிடந்தது. போனில் பெயர்களைப் பார்த்தாள். வெண்கலத் தொண்டை சத்யப்பிரியாவும் எட்டில்தான் இருந்தாள். ஏன் என்று பொதுவாகக் கேட்டபோது, அந்தப் பெண்ணே கூசாமல் சொன்னாள்: “எட்டுதான டீச்சர் பெருசு?”

மாரிச்செல்விக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் நிற்கிறபோது கைப்பிடிக் கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்தாள். இத்தனை வருடம் எத்தனை பிள்ளைகள், அத்தனை பேரையும் வெளங்காமலே எட்டாம் வகுப்புக்கு ஏற்றி அனுப்பிவிட்டோமே என்று மனசு அரித்தது. அவர்களில் சிலர் இப்போது மில்லில் வேலை பார்க்கிறார்கள், சிலருக்குப் பிள்ளைகூட இருக்கிறது. போய்ப் பிடித்து உட்கார வைத்து மறுபடி நடத்தவா முடியும்?

பிறகு அவள் நடத்துகிற விதமே மாறியது. வீடியோவை முழுக்க ஓடவிட மாட்டாள். கேக் வெட்டுப்படப் போகிற இடத்தில் நிறுத்திவிட்டு, இனி என்ன ஆகும் என்று கேள்வி போடுவாள். அட்டை திரும்பும், போன் பார்க்கும். ஆனால் சரியான விடை எது என்று சொல்ல மாட்டாள். பக்கத்தில் இருப்பவரோடு செத்த நேரம் பேசுங்கள் என்பாள். எட்டுப் பேருக்குப் பங்கு வைத்தால் எனக்குக் கொஞ்சம்தானே கிடைக்கும் என்று எங்காவது ஒரு பிள்ளை ஆரம்பிக்கும், சண்டை மூளும். மறுபடி அட்டை. இரண்டாம் தடவை பட்டை இடம் மாறியிருக்கும். மாறாவிட்டால் அவள் தன் பாடத்தை மாற்றுவாள்.

இன்னொன்றும் செய்தாள். எந்தக் கேள்வியானாலும் ‘ஈ’ என்றால் ‘தெரியல’ என்று வைத்தாள். தெரியாவிட்டால் குத்துமதிப்பாகத் திருப்பாதீர்கள், ஈ பிடியுங்கள், திட்ட மாட்டேன் என்றாள். ரொம்ப நாள் ஒருவரும் பிடிக்கவில்லை. ஒருநாள் ஒரே ஓர் ஈ வந்தது. பெயரை வாய்விடாமல், ஒருத்தருக்குத் தெரியலையாம் என்று சொல்லிவிட்டு மொத்தப் பாடத்தையும் முதலிலிருந்து நடத்தினாள். அடுத்த தடவை ஐந்தாறு ஈ வந்தது. அந்த ஐந்தாறு பேருக்காக அவள் பட்ட சந்தோஷத்தைப் பார்த்திருந்தால், இவளுக்குப் பிள்ளைகள் முட்டாளாக இருப்பதில் ஆசை என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

இதில் ஒரு தொல்லை. வகுப்பில் ராகம் நின்றுவிட்டது. தெருவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாடமும் வேகமாக நகரவில்லை. தலைமை ஆசிரியர் சௌந்தரபாண்டியன் சாருக்கு அது பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஆறாம் வகுப்புக்கு சமூக அறிவியலும் எடுத்துக்கொண்டு, கூரை ஒழுகலையும் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற மனிதர்.

“டீச்சர், தெருவுல போறவன் எங்கிட்ட கேக்கான், ஏழாங்கிளாஸுல பாடம் நடக்கா இல்லையான்னு” என்றார் ஒருநாள். “போர்ஷன் வேற பின்னால கெடக்கு. லீவு முடிஞ்சு வார மொத நாளு, வட்டாரக் கல்வி ஆபீஸுல இருந்து மேடம் வாராங்க, அக்கம்பக்கத்து ஸ்கூல் டீச்சர்களும் வாராங்க, உங்க கிளாஸப் பாக்க. அன்னைக்கு நல்லா நடந்துச்சுன்னா அட்ட இருக்கட்டும். இல்லேன்னா அலமாரிக்குள்ள போயிரும், நீங்க பழையபடி நடத்துங்க.”

பழையபடி என்றால் என்ன? மறுபடி அந்த ராகத்துக்கு முன்னால், யாருக்கு என்ன தெரியும் என்று தெரியாமல் நிற்க வேண்டும். அதைவிடக் கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டலாம். சரி சார் என்று மட்டும் சொன்னாள்.

விடுமுறைக்கு முன் கடைசி நாள் ஆயுத பூஜை போட்டார்கள். மேசையில் புத்தகங்கள், பூகோள உருண்டை, வரைபடம், சாக்பீஸ் டப்பா. திரையின் மூலையில் அவளே சந்தனம் தொட்டு வைத்தாள். பிறகு, “அட்டையவும் வைங்க பிள்ளைகளா, நமக்கு அதுதான ஆயுதம்” என்று சொல்லிவிட்டு, பொரி கடலை வந்து சேரவில்லை என்று கடைப்பக்கம் ஓடினாள். நின்று பார்த்திருக்கலாம். நிற்கத்தான் அவளுக்கு வராதே.

பிள்ளைகள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர்கள் இல்லை. சத்யப்பிரியா முன்னால் நின்று குரல் கொடுக்க, ஒவ்வோர் அட்டைக்கும் நட்டநடுவில், கோலத்தின் மேலேயே, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். அன்று வராத சில பிள்ளைகளின் அட்டைகள் மட்டும் டீச்சர் பைக்குள் தப்பித்துக் கிடந்தன. சாமி கும்பிட்டு முடித்ததும் ஈரம் காயாமலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது என்று சௌந்தரபாண்டியன் சார் அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியோடு சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

விடுமுறையில் அவள் வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை, ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு மலையேறினாள். கூட்டம் நெருக்குகிறது, முன்னால் ஜெயபாண்டி தேங்காய்த் தட்டோடு போகிறான், இவள் பின்னால் ஐந்திலிருந்து குறை மூன்றை, அதாவது மைனஸ் மூன்றை, கழிப்பது எப்படி என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறாள். மேடம் வருகிற அன்று நடத்தப்போகிற பாடம் அதுதான். பெருமாளிடம் என்ன வேண்டிக்கொண்டாய் என்று அவன் கேட்டான். போனில் சார்ஜ் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள்.

அந்த நாளும் வந்தது. ராஜபாளையத்தில் பஸ் தாமதம். அவள் போய்ச் சேரும்போது வகுப்பின் பின்வரிசையில் வெளியூர் டீச்சர்கள் உட்கார்ந்தாகிவிட்டது. வட்டாரத்திலிருந்து வந்த ஜயலக்ஷ்மி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அலமாரியைத் திறந்து அட்டைக் கட்டை எடுத்து, பையில் இருந்ததையும் சேர்த்து, பிள்ளைகளிடம் கொடுத்தாள். ஈர அப்பளம் மாதிரி ஒட்டியிருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை நின்று யோசிக்கவில்லை.

முதல் கேள்வி போட்டாள். அட்டைகள் உயர்ந்தன. போனைக் காட்டினாள். திரையில் மூன்றே மூன்று பேர். மற்றவர்கள் இருந்த சுவடே இல்லை. வெளிச்சம் போதவில்லையோ என்று ஜன்னலைத் திறந்தாள். மறுபடி காட்டினாள். அதே மூன்று. அப்புறம்தான் போனிலிருந்து கண்ணை எடுத்து அட்டைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு கோலத்தின் நடுவிலும் ஒரு பெரிய பொட்டு காய்ந்து அப்பியிருந்தது. போன் தேடிய கட்டங்கள் அதற்கு அடியில் கிடந்தன.

“ஆத்தாடி, மூஞ்சி மூஞ்சியா பொட்டு வச்சிருக்கு” என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு கிளம்பியது. ஜயலக்ஷ்மி மேடம் இதை யார் செய்தது என்று கேட்டார். பிள்ளைகள் பெருமையாக, பூஜை போட்டோம் என்றார்கள். சட்டை நுனியால் அட்டையைத் துடைக்க ஆரம்பித்த ஒரு பிள்ளையை மாரிச்செல்வி தடுத்தாள். துடைத்த இடத்தில் சிவப்பு இன்னும் பரவியிருந்தது.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அப்படித்தான் பின்வரிசை நினைக்கும் என்று தெரிந்தது. எப்படியாவது ஒப்பேற்ற வேண்டும் என்ற பதற்றத்தில் வீடியோவைப் போட்டாள், நடுவில் நிறுத்தாமல் முழுக்க ஓடவிட்டாள், கரும்பலகையில் கணக்கைக் கடகடவென்று எழுதினாள், குறைக்குக் குறை கூட்டல் என்று சொல்லி முடித்தாள். முடித்த வேகத்தில் பழைய கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

விழுங்கியதை சௌந்தரபாண்டியன் சார் எடுத்துக்கொண்டார். நிலைமையைக் காப்பாற்றுகிற நல்ல எண்ணம்தான். எழுந்து முன்னால் வந்து, மேடத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, பிள்ளைகள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

“என்ன பிள்ளைகளா, டீச்சர் நடத்துனது எல்லாருக்கும் வெளங்குச்சா?”

தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பு நெல்லும் கோதுமையும் ஒப்பிப்பது மட்டும் கேட்டது. அவர் இன்னொரு தடவை கேட்டார். சத்யப்பிரியா எழுந்தாள். அதே வெண்கலத் தொண்டை, கொஞ்சமும் குறையவில்லை.

“வெளங்கல சார்.”

அவர் முகத்துச் சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. என்ன வெளங்கவில்லை என்று கேட்டார். “கழிக்கச் சொல்லிட்டு ஏன் கூட்டுதோம்னு வெளங்கல” என்றாள். பக்கத்து வரிசையிலிருந்து எனக்கும் என்றது ஒரு குரல். ஜன்னலோரத்திலிருந்து இன்னொன்று. அட்டைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஈ, ஈ, ஈ. போன் பார்க்காவிட்டால் என்ன, டீச்சருக்குத் தெரியட்டும் என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாரிச்செல்விக்கு முதலில் அவமானமாகத்தான் இருந்தது. நான் மோசமாக நடத்தினேன் என்று ஊர் டீச்சர்கள் முன்னால் என் பிள்ளைகளே சொல்கிறார்கள் என்று நெஞ்சு எரிந்தது. அப்புறம் அந்த எரிச்சலுக்குள்ளிருந்தே ஒரு சந்தோஷம் கிளம்பியது. அட்டையைத் திருப்பி யாருக்கும் தெரியாமல் சொன்ன பிள்ளைகள், இன்றைக்கு எழுந்து நின்று, பெரிய சார் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அவளுக்கு இந்தத் தைரியம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று துடைத்துக்கொண்டாள்.

வீடியோவை முதலுக்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தினாள். விடையை விரலால் நெஞ்சோடு சேர்த்துக் காட்டச் சொன்னாள். நாலு விரல் என்றால் தெரியல. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். பிறகு பக்கத்தில் பேசச் சொன்னாள். தோட்ட வேலை தெரிந்த விஜயபாண்டி பக்கத்துப் பையனிடம் கத்திக்கொண்டிருந்தான்: “குறைன்னா குழின்னு வச்சுக்கோலே. மூணு குழிய இல்லாம ஆக்கணும்னா மூணு கூடை மண்ணப் போடணும்லா?” பின்வரிசையில் ஒரு டீச்சர் தன் நோட்டில் குழி வரைந்ததை மாரிச்செல்வி பார்த்தாள். மணி அடிக்கும்போது பாதி வகுப்புக்கு விளங்கியிருந்தது. மீதிப் பேர் நாலு விரலைக் காட்டினார்கள். மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்றாள்.

ஜயலக்ஷ்மி மேடம் போகிறபோது பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை. புது அட்டை அடித்ததும் சொல்லுங்கள், இன்னொரு தடவை வருகிறோம் என்றார். சௌந்தரபாண்டியன் சார் அவர்களை வழியனுப்பிவிட்டு, இவள் பக்கம் திரும்பாமலே தன் அறைக்குப் போனார். சாப்பாட்டு வேளையிலும் வரவில்லை. அட்டை அலமாரிக்குத்தான் போகும்போல என்று நினைத்துக்கொண்டு, அவள் டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள்.

மதியம் பலகைக்கு அந்தப் பக்கம் அவர் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற சத்தம் கேட்டது. ஆறுகள், மலைகள், மழை. முடித்துவிட்டு வழக்கம்போலக் கேட்டார்.

“வெளங்குச்சா?”

“வெளங்கிருச்சு சார்ர்ர்!”

வழக்கமாக அதோடு அடுத்த பாடம் தொடங்கிவிடும். இன்றைக்குத் தொடங்கவில்லை. கொஞ்சம் கழித்து, தாழ்ந்த குரலில், “நெசமாவாப்பா?” என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. “நெசமா சார்ர்ர்!” என்று இன்னும் பலமாக வந்தது. பிறகு செருப்புச் சத்தம். ஏழாம் வகுப்பு வாசலில் அவர் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“டீச்சர், அந்த அட்டைய எங்க அடிச்சீங்க?”

“ராஜபாளையத்துல சார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில.”

“ஆறாங்கிளாஸுக்கும் சேத்து அடிச்சிருங்க.” போகத் திரும்பியவர், நின்றார். “மொத நாளு செத்த எங்கூட வந்து நில்லுங்க. என்ன வருமோன்னு இருக்கு.”

வருகிறேன் என்றாள். அடுத்த வருஷம் அட்டைகளைப் பூஜையில் மட்டும் வைக்க வேண்டாம் சார் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவர் அதை யோசித்தார்.

“வைக்காம இருந்தா எப்படி? பொட்ட ஓரமா வைக்கச் சொல்லுங்க. வெளங்குச்சா?”

“வெளங்கிருச்சு சார்” என்றாள் மாரிச்செல்வி, ராகம் எதுவும் போடாமல்.